கேரி பேக்கில் வந்த வெட்டுக்கிளிகள்

பூச்சி பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வெட்டுக்கிளிகளை எப்படி இனம் பிரிப்பது என்று உங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எடுக்கப் போவதில்லை. அது உங்கள் செல்போனிலேயே படத்தோடு இருக்கிறது. நான் சொல்வதைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. ஓய்வு பெற்றவளுக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. தான் செய்த தப்பை வாய்விட்டுச் சொல்லலாம், இனி யாரும் மெமோ கொடுக்க முடியாது. அதைத்தான் இன்று செய்யப் போகிறேன்.

கதை புரிவதற்கு மட்டும் இரண்டு வரி. புல்லில் நடந்தால் காலடியிலிருந்து தெறித்து ஓடும் பச்சைப் பூச்சிகள் எல்லாவற்றுக்கும் ஊரில் வெட்டுக்கிளி என்றே பெயர். நமக்கு அவை இரண்டு கூட்டம். தலையில் குட்டையான கொம்பு இருப்பது இலையைத் தின்னும். பெருகிவிட்டால் நாற்றங்காலை மொட்டையடித்துவிடும். நீளக்கொம்பு வெட்டுக்கிளிக்கு நூல் மாதிரி மெல்லிய கொம்பு, உடம்பைவிட நீளமாக இருக்கும். நம் பக்கத்துப் புல் வயல்களில் இருக்கும் நீளக்கொம்பு, புல்லின் பூவையும் விதையையும் கொறிக்கும். கூடவே நெல்லைக் கெடுக்கும் பூச்சிகளின் முட்டைகளையும் தேடித் தின்னும். அதாவது ஒன்று எதிராளி, இன்னொன்று ஏறக்குறைய நம் ஆள்.

சிதம்பரத்திலும் புவனகிரியிலும் பரங்கிப்பேட்டையிலுமாக முப்பது வருஷம் வேலை பார்த்தேன். விவசாயிகள் பூச்சியைக் கொண்டுவராத பாத்திரம் கிடையாது. தீப்பெட்டி, ஊறுகாய் பாட்டில், டிபன் பாக்ஸ். ஒருவர் தன் ஹெல்மெட்டுக்குள் போட்டுத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எட்டிப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவேன். ‘மேடம் ஒரு பார்வை பாத்தா போதும்’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதைக் கேட்டு எனக்கு உள்ளூர எவ்வளவு குளிர்ந்தது என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை. போதாக்குறைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த இரண்டும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

வடக்கே வெட்டுக்கிளிப் படை வந்து வயல்களை அழிக்கிறது என்று டிவியில் ஓயாமல் காட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. கொரோனா ஊரடங்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்த வீடியோக்களையே பார்த்துப் பார்த்துப் பயந்து போயிருந்தார்கள். ஒரு தட்டான் பறந்தால்கூட எனக்குப் போன் வரும்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பரங்கிப்பேட்டையில் என் அலுவலகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முகக்கவசம் தாடையில் இருந்தது. முன்னால் நின்றவர் குமாரவேல். போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தவர். அவருக்குப் பின்னால், கூட்டத்தோடு ஒட்டாமல் தள்ளி நின்றவர் ஜமால் பாய். வளைகுடாவில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டிவிட்டு, முதுகு முடியாமல் ஊர் திரும்பியவர். ஆறு மாடு வாங்கிக் கட்டி, இரண்டு ஏக்கரில் புல் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புல் வயலும் குமாரவேலின் நாற்றங்காலும் ஒரே வரப்பைப் பங்குபோட்டவை. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

குமாரவேல் ஒரு மளிகைக் கடைக் கேரி பேக்கை என் மேஜை மேல் வைத்தார். வாய் இறுக முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே வேர்த்து, ஈரம் ஒட்டி, ஐந்து பச்சைப் பூச்சிகள் கிடந்தன.

“பாய் வயல்ல காலு வச்சா கொத்துக் கொத்தா எழும்புது மேடம். டிவில காட்டுறது இதானே? நாளைக்கு எங்க நாத்துல எறங்கிடுச்சின்னா நாங்க எங்க போறது?”

அதே நேரம் போன் அடித்தது. கடலூரிலிருந்து. ‘உங்க பக்கம் வந்துடுச்சாமே, உண்மையா?’ என்று கேட்டார்கள். வாசலில் ஒரு நிருபர் வேறு கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். நான் பையைப் பிரித்துப் பார்த்தேன். டிவியில் காட்டியது இதில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அளவு, நிறம், சிறகு எதுவும் பொருந்தவில்லை.

“இது அந்த வெட்டுக்கிளி இல்ல. யாரும் பயப்படாதீங்க” என்று போனுக்கும் கூட்டத்துக்கும் நிருபருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னேன். அது சரியான பதில். எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான்.

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பெரிய கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டவர் அடுத்த கேள்விக்கு அவ்வளவு யோசிக்க மாட்டார். குமாரவேல் உடனே கேட்டார். “அப்ப இது என்னா மேடம்? பயிரத் தின்றதா, இல்லியா?”

நன்றாகத் தெரிந்த இரண்டு பூச்சிகளை மட்டும் பென்சிலால் புரட்டிப் பார்த்தேன். மற்ற மூன்றும் நசுங்கிப் போயிருந்தன. இரண்டுக்கும் கொம்பு குட்டையாக இருந்தது. “குட்டைக்கொம்பு. தின்றதுதான். பெருகறதுக்கு முன்னாடி புல்லுலயே மருந்து அடிச்சிடுங்க. இன்னைக்கி சாயந்தரமே அடிச்சிடுங்க” என்றேன். என்ன மருந்து, எவ்வளவு என்று சீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜமால் பாய் அப்போதுதான் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். “மருந்து அடிச்சா எத்தினி நாளு புல்லு அறுக்கக் கூடாது மேடம்?”

“இருவது நாள் மாட்டுக்குப் போடாதீங்க.”

“வைக்கோலு லாரி வர்றதில்ல மேடம். அந்தப் புல்லுதான் ஆறுக்கும். ஒரு எட்டு வயலுக்கு வந்து பாத்துட்டு சொல்லுங்களேன். பையில கசங்கிப் போயில்ல கெடக்குது?”

அவர் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி! பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர், நான் பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னால் என் பார்வையைச் சந்தேகப்படுகிறாரே என்று.

“முப்பது வருஷமா இதத்தான் பாக்குறேன் பாய். வயலுக்கு வந்துதான் எனக்குத் தெரியணுமா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ஒரு விவசாயியின் குழப்பத்தைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு அடுத்த ஃபைலை எடுத்தேன்.

மதியம் சாப்பிடுவதற்கு மேஜையைத் துடைக்கும்போது அந்தப் பையை எடுத்தேன். பூச்சிகளைத் தட்டிவிட்ட பிறகு, பையின் உட்புறத்தில் முடி முடியாக என்னவோ ஒட்டியிருந்தது. யாருடைய தலைமுடியோ, புல்லின் நாரோ என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனி வரை சீராக மெலிந்துகொண்டே போகும் நூல்கள். ஏழோ எட்டோ இருந்தன. ஈரத்தில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு, முடிச்சுப் போட்டு ஆட்டியதில் ஒடிந்து போன கொம்புகள். நான் குட்டைக்கொம்பு என்று சொன்னது கொம்பின் அடிக்கட்டையைப் பார்த்து.

குப்பைக் கூடையிலிருந்து பூச்சிகளைப் பொறுக்கி எடுத்தேன். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, நீளக்கொம்புக்கு இருக்க வேண்டிய காதுப் பள்ளம் இருந்தது. நசுங்கிய ஒன்றின் வால் பக்கத்தில், நீளக்கொம்புக்கே உரிய வாள் மாதிரியான முட்டையிடும் உறுப்பு வளைந்து கிடந்தது. இதையெல்லாம் உங்களைப் போன்றவர்களுக்கு நானே பாடமாக எடுத்திருக்கிறேன். கொம்பை மட்டும் நம்பாதே, அது ஒடியும் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டிருக்கிறேன். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். எனக்கு முப்பது வருஷப் படிப்பும் அன்றைக்கு நுழையவில்லை.

குமாரவேலுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஜமால் பாயின் எண் என்னிடம் இல்லை. பூச்சி வலையை எடுத்து ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ‘ஒரு தப்பத் திருத்தப் போறேன் சார்’ என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழிவிட்டார்.

வயலுக்குப் போனபோது மணி மூன்றரை. காற்று தணியட்டும் என்று காத்திருந்தார்கள். வரப்பில் பவர் ஸ்பிரேயர் நின்றது, டிரம்மில் மருந்து கலந்தாகிவிட்டது. காலையில் வந்த கூட்டம் அப்படியே இருந்தது. ஜமால் பாய் தன் புல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். பூச்சியைத் தப்பாகச் சொன்னதுகூட எனக்கு இன்றைக்கு அவ்வளவு உறுத்தவில்லை, ஆனைக்கும் அடி சறுக்கும். அடுத்து நான் செய்ததுதான் உறுத்துகிறது. வழி நெடுக ‘நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவள், அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் வேறு ஒன்றைச் சொன்னேன்.

“மேலருந்து உத்தரவு வந்திருக்கு. ரெண்டு நாளைக்கி மருந்து அடிக்க வேணாம். கவனிச்சிட்டு அப்புறம் அடிக்கலாம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. புல்லும் தப்பிவிடும், என் பெயரும் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

குமாரவேல் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ஜமால் பாயைப் பார்த்தார். “காலையில சீட்டு எழுதிக் குடுத்தவங்க, மத்தியானத்துல மாத்திப் பேசுறாங்கன்னா என்னா அர்த்தம்? மேடத்த போயி கவனிச்சிட்டியா மச்சான்?”

“என்னா பேசுற குமாரு?”

“இல்ல, நேரா எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல? ரெண்டு நாளு டைம் குடுடான்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? எங்க எல்லார் நாத்தும் போனா போவட்டும், ஒம்மாடு பொழைக்கணும், அதானே?”

“அல்லா மேல ஆணையா நான் யாரையும் பாக்கல, யாருக்கும் போனும் பண்ணல.” அவர் எழுந்து நின்றுவிட்டார். குரல் உடைந்திருந்தது. கூட்டத்தில் யாரும் அவரை நம்பின மாதிரி தெரியவில்லை. என் பெயரைக் காப்பாற்ற நான் சொன்ன ஒரு பொய் போய் அவர் தலையில் விழுந்துவிட்டது. நாற்பது வருஷச் சிநேகிதம் என் கண் முன்னால் அறுந்துகொண்டிருந்தது.

“குமாரவேலு, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலையில நான்தான் தப்பா சொல்லிட்டேன். அதச் சொல்ல வெக்கப்பட்டுகிட்டு இப்ப பொய் சொன்னேன்.”

ஒரு ஆள் சிரித்தார். இன்னொருவர், “மேடமே தப்பு பண்ணா நாங்க யாரதான் கேக்குறது?” என்றார். காது வரை சூடாகிவிட்டது. நிற்க முடியாமல் வலையை எடுத்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கினேன்.

இருபது முறை வீசினேன். விழுந்தவற்றைக் கையால் தொடாமல், புல் போட்ட பாட்டிலுக்குள் நடக்க விட்டேன். பாட்டிலைக் குமாரவேலிடம் கொடுத்து, “நான் சொல்லல. நீங்களே பாருங்க. கொம்பு ஒடம்பவிட நீளமா இருக்குதா, குட்டையா இருக்குதான்னு மட்டும் எண்ணுங்க” என்றேன். அவர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். உயிரோடு இருந்த பூச்சிகள் கொம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தன. சண்டையை மறந்து நாலைந்து பேர் அவர் தோள் மேல் எட்டிப் பார்த்தார்கள்.

“எம்மாம் நீளம் மேடம் இது! ஒண்ணு, ரெண்டு…” அவர் பொறுமையாக எண்ணினார். “இருவத்தி ரெண்டு மேடம். அதுல மூணு குட்டை.”

அந்த மூன்றையும் நான் மறைக்கவில்லை. ஒரு பொய்க்கே போதுமான பாடம் கிடைத்துவிட்டது. “மூணு இருக்கிறது உண்மைதான். ஆனா மூணுக்காக மருந்து அடிச்சா, ஒங்க நாத்துக்குக் காவலா இருக்கிற பத்தொம்பதும் செத்துப் போகும். அடிக்க வேணாம். தெனமும் காலையில ஏழு மணிக்கு நானே வந்து ஒங்க நாத்தப் பாக்குறேன். கடிச்ச எல ஜாஸ்தி ஆச்சின்னா அன்னைக்கே சொல்றேன்.”

“ஆனப்பறம் சொல்லி என்னா மேடம் பிரயோஜனம்?”

“அப்படி ஆச்சின்னா என் மேல புகார் எழுதுங்க.” காலையில் கொடுத்த சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக, பூச்சியை நான் தவறாக இனம் சொன்னேன், மருந்து தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குமாரவேல் அதை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஜமால் பாயிடம் போய், “கோவத்துல சொல்லிட்டேன் மச்சான்” என்றார். பாய் அவர் தோளில் கையை வைத்தார்.

பதினோரு நாள் காலையில் சிதம்பரத்தில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பார்த்தேன். நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் உங்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் தப்பை ஒப்புக்கொண்ட அன்று, கூட்டம் கலைந்த பிறகு, டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று ஜமால் பாய் கூப்பிட்டார். மாட்டுக் கொட்டகை வயலை ஒட்டியே இருந்தது. ஐந்து மாடுகள் நின்றன. ஆறாவது முளையில் வெறும் கயிறு கிடந்தது.

“இன்னொண்ணு மேய்ச்சலுக்குப் போயிருக்கா பாய்?”

“இல்ல மேடம். குடுத்துட்டேன்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “எப்போ?”

“பன்னெண்டு மணிக்கி வண்டி வந்துச்சு. இருவது நாளு ஆறுக்கும் தீனி தள்ள முடியாது. ஒண்ணக் குடுத்தா மத்தது அஞ்சயும் எப்படியாச்சும் ஓட்டிடலாம்னு தரகருக்குப் போன் போட்டேன். கறவையில இருந்த மாடு, அதனால ஒடனே கேட்டுட்டாங்க.”

“சாயந்தரம் வரைக்கும் பொறுத்திருக்கலாமே பாய்!” கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நீங்கதான் சீட்டே எழுதிக் குடுத்துட்டீங்களே மேடம். அப்பறம் எதுக்குப் பொறுக்கணும்?”

அவர் குத்திக்காட்டவில்லை. இருந்ததை அப்படியே சொன்னார். மருந்து அடிக்க அவசரப்பட்டவர்கள்கூடக் காற்று தணியட்டும் என்று டிரம்மைச் சுற்றிக் காத்திருந்தார்கள். என் வார்த்தையை வாங்கிய நிமிஷமே அதன்படி நடந்தவர் இவர் ஒருவர்தான். நம்மை நம்புகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இதை எந்தப் பாடத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அங்கிருந்தபடியே தரகருக்குப் போன் பண்ணினேன். மாடு பண்ருட்டியைத் தாண்டி அண்ணாகிராமம் பக்கம் ஒருவரிடம் கைமாறியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். ‘வித்த மாட்டத் திருப்பிக் கேக்குறது எந்த ஊரு வழக்கம் மேடம்?’ என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாடு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புது இடத்தில் நன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

இனி உங்களிடம் பூச்சி கொண்டு வருகிறவரிடம், எங்கே பிடித்தீர்கள், எதில் போட்டுக் கொண்டு வந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். கசங்கியிருந்தால், தெரியவில்லை, வயலுக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. தப்பாகிவிட்டால் போய்ச் சொல்லுங்கள். பாதி உண்மையைக் கொண்டு போகாதீர்கள், அது வேறு யாரையாவது குற்றவாளி ஆக்கிவிடும். சீக்கிரம் போங்கள். நான் போனது சீக்கிரம் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு ஜமால் பாயின் மனைவி சபீனா எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து கொடுத்தார். பால் கெட்டியாக இருந்தது. நல்ல பால் என்றேன், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல். “அதுங்கிட்ட காலையில கறந்தது மேடம்” என்று வெறும் முளையைக் காட்டினார். டம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் பதறிப்போய், “ஐயோ, குடிங்க மேடம். நீங்க மட்டும் திரும்பி வரலன்னா மத்ததயும் வித்திருப்போம். ஒங்களாலதான் அஞ்சு மிச்சம்” என்றார். பாயும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் குடித்தேன். அதன் பிறகு பதினோரு நாளும் அந்த வரப்புக்குப் போயிருக்கிறேன், ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இருவரும் ஐந்து மிச்சமானதைத்தான் பேசினார்கள். ஒன்று போனதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.